எட்டு நிமிடம்

ஷாத்தோ தோ மெத்ரோப் படியேறி
முழுதாய் வெளியே வருமுன்பே கையைப் பிடிப்பார்கள்:
"சகோதரி, பின்னலா, நீட்டலா, நகமா?"
பதினொரு வருடமாய் நான் நீட்டல்.
ஆறு கிழமைக்கு ஒருமுறை.
கடைசி ஏழு மாதம் வரவில்லை.
இன்று வந்து, "கொஞ்சமாய்" என்றேன்.
அலைமாதிரி. அவ்வளவுதான்.

அஜுவா என் தலையை விளக்குப் பக்கம் திருப்பி
ஓர் இழையை நுனிவிரலால் இழுத்தாள்.
வேரிலிருந்து நாலு விரல்கடைக்குச் சுருள்,
அதற்குக் கீழே தும்பு.
இரண்டும் சந்திக்கிற இடத்தில்
இழை சத்தமில்லாமல் அறுந்தது.
"இங்கே இரண்டு பேர் இருக்கிறீர்கள்," என்றாள்.
"ஒருத்தி போகவேண்டும்."

முதல்முறை எனக்குப் பத்தொன்பது வயது.
லா தெபான்ஸில் வரவேற்பு மேசை வேலை.
நேர்த்தியான தோற்றம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது.
எது நேர்த்தி என்று போடவில்லை.
அதை நானே எழுதிக்கொண்டேன்.

வெற்றிலையில் சுண்ணாம்பு கூடினால் நாக்கு வேகுமே,
அப்படி வெந்தது உச்சி.
எரிகிறதா என்றார்கள்.
இல்லை என்றேன்.
ஓம் என்றால் கழுவிவிடுவார்கள்,
கழுவினால் சுருள் மிச்சமிருக்கும்.
காதுக்குப் பின்னால் ஒரு சதக் காசளவு தழும்பு
இன்னும் இருக்கிறது.

அதன்பிறகு மழை பகையாளி.
நீச்சல்குளம், சோற்றுப்பானை ஆவி,
மருத்துவமனைத் தலையணை, எல்லாமே.
நிமலன் என்றொருவன் இருந்தான் ஒரு காலத்தில்,
அவனையும் தலையைத் தொடவிட்டதில்லை.

கத்தரி முடிந்தது.
கூட்டிப் பெருக்கிய பையன்
"எவ்வளவு நேரான முடி" என்று உச்சுக்கொட்டினான்.
தம்பி, அது முடியில்லை, சம்பளம்.
கூட்டிப் பார்த்தால் ஒரு பழைய கார்.

பிறகு அவள் எடுத்தது அதே டப்பா.
"அதே மருந்தா?"
"மருந்து அதேதான். நேரம்தான் வேறு.
இருபது நிமிடம் விட்டால் கம்பி,
எட்டில் கழுவினால் அலை."
சீப்பே எடுக்கவில்லை.
கையுறை விரலால் கோதிக்கோதி
கைபேசியில் மணி பார்த்துக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில்
ஒட்ட வெட்டிக்கொண்டிருந்த மாணவி
கண்ணாடிக்குள்ளிருந்து என்னைக் கேட்டாள்:
"முழுக்க விட்டுவிடலாமே, எதற்கு இந்தப் பாதி?"

ஏழு பத்து ரயில் என்பது ஒரு பதில்.
காலையில் சீப்பின் பல் உடையக்கூடாது என்பதும்தான்.
எனக்கு இப்படிப் பிடித்திருக்கிறது என்பது
தொண்டைவரை வந்து நின்றுவிட்டது.
அதைச் சொல்லிப் பழக்கமில்லை.

ஐந்தாம் நிமிடம், நெற்றியோரம் ஒரு சின்னச் சூடு.
"எரிகிறதா?"
"ஓம்" என்றேன், தமிழில்.
பிறகு பிரெஞ்சில்.
ஆறிலேயே கழுவிவிட்டாள்.

ஆகையால் கேட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே
சுருண்டிருக்கிறது.
ஆற்று நீர் வடிந்தபின் கருமணலில் கிடக்கும் வரிக்கு
அறல் என்று பெயர்.
லா கூர்னவ்வில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில்
கூந்தலுக்கு உவமை என்று கொப்பியில் எழுதினேன்,
இரண்டு மதிப்பெண்.
கொப்பிக்கு மேலே குனிந்திருந்த தலை
யாருடையது என்று
அன்றைக்கு யோசிக்கவில்லை.

கார் து நோரில் பரிசோதகர்
பயண அட்டையில் இருந்தவளையும் என்னையும்
மாறிமாறிப் பார்த்தார்.
அட்டையில், அடிமட்டம் வைத்துக் கோடிழுத்த முடியோடு
ஒருத்தி சிரிக்காமல் இருந்தாள்.
"இது நீங்களா?"
"அப்போது," என்றேன்.

அபராதம் எழுதவில்லை.
படத்தை மாற்றச் சொன்னார்.
மாற்றலாம்.
ஆனால் வேர் சும்மா இருக்காது, ஐயா,
மூன்று மாதத்தில் அந்தப் படமும் நானில்லை என்று
பின்னால் இவ்வளவு பேர் வரிசையில் நிற்கையில்
எப்படிச் சொல்வது?